காலிக் கூடை

பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் தூண்டிலை மதிக்காத ட்ரவுட் மீன்கள், அன்று மதியம் குரங்கணிக்கு மேலே ஓடையில் வரிசையில் நின்று கடித்தன. ஒவ்வொன்றும் முதலை நீளம். தூண்டில் முள்ளில் இரையாகக் கோழியிறகால் கட்டிய பொய் ஈ தண்ணீரைத் தொடுமுன்னே தாவின. கழற்றிக் கழற்றித் திரும்ப ஓடையில் விட்டே என் தோள் செத்துப்போனது.

"ஒண்ணையாவது கொண்டுபோய் மதினி வாயை அடைங்கண்ணே" என்றான் ஜீப்பு ஓட்டும் மாரீஸ்வரன்.

"நீ ஒண்ணையும் பாக்கல. வண்டிய எடு."

போடியில் என் மனைவி மொக்கம்மாள் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இன்னைக்கும் சிக்கலையா?"

"இல்ல" என்றேன் அலுப்போடு.

"தெரியும். அந்தத் தைரியத்துலதான, அம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்குற மனுசனத் தூண்டிலோட அனுப்புனேன்" என்றாள், என் மணிக்கட்டில் நனைந்திருந்த மஞ்சள் கயிற்றை இறுக்கியபடி.