காலைக் காட்சிக்கு ஒரு சண்டை

"அந்தப் பேப்பர்ல அவ கையெழுத்துப் போடவே கூடாது. கட்டின புருஷன் குடிச்சிருந்தான்னு ஒருத்தி எழுதிக் குடுப்பாளா?"

பஸ்ஸில் நின்றபடி இதைச் சொன்னவனுக்கு, முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். "கட்டினவன் இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கான். மருந்துக்கு வழி? மானத்தை அரைச்சு இடுப்புல பத்து போடவா?"

இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிற கூட்டம். பாதிப் பேர் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பேச்சில் நாலைந்து கண்கள் திறந்துகொண்டன. சண்டை போடுகிறவர்களுக்கும் டிக்கெட் உண்டு என்றபடி கண்டக்டர் நெருங்கி வந்து, டிக்கெட்டைக் கிழித்த பிறகும் நகராமல் நின்றார்.

"யாரும்மா அது, உங்க சொந்தமா?" என்றார் தோளில் துண்டு போட்ட மூட்டைக்காரர்.

"சொந்தமெல்லாம் இல்லண்ணே, படத்துல வர்றவங்க. கட்டடத்துல சாரம் சரிஞ்சு புருஷன் கீழ விழுந்துடறான். குடிச்சிட்டு ஏறினான்னு பொண்டாட்டி எழுதிக் குடுத்தா வைத்தியத்தைப் பார்த்துக்கறேங்கறான் காண்டிராக்டர். அந்த மனுஷன் சொட்டு தொட்டது கிடையாது."

அவ்வளவுதான், பஸ் இரண்டாகப் பிரிந்தது. போட்டால் என்ன என்று ஒரு பக்கம், போட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பாள் என்று ஒரு பக்கம். கடைசியில் போட்டாளா இல்லையா என்று மூட்டைக்காரர் கேட்கும்போது தியேட்டர் நிறுத்தம் வந்துவிட்டது. பத்து மணிக்குக் காட்சி, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

இறங்கியதும் அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "நடிக்கிறவங்களை மட்டும் முப்பது தடவை திருப்பி எடுப்பீங்க. நீங்க பேசறது ஒப்பிக்கிற மாதிரி இருக்கு."

அந்தப் படத்தை எடுத்தவர்கள் அவர்கள்தான்.

பன்னிரண்டு வருஷம் சாரம் கட்டியவன் என்பதால் அவனுக்குச் சாரக்காரன் என்றே பெயர். அவன் எழுதி எடுத்தான். அவள் படத்தை வெட்டி ஒட்டினாள், படப்பிடிப்பில் இருபது பேருக்குச் சமைத்தாள், சுவரொட்டிக்குப் பசையும் காய்ச்சினாள். வாங்கி வெளியிட ஆள் தேடி மூன்று மாதம் படி ஏறி இறங்கினார்கள். ஒருவர் கதாநாயகன் யார் என்று கேட்டார். இன்னொருவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரு தியேட்டர் காலைக் காட்சியை மட்டும் கொடுத்தது, அதற்கும் ஆள் வரவில்லை. சாரக்காரன் துவண்டு போய்த் திரும்பச் சாரத்துக்கே போகிறேன் என்றபோது, நம் படத்துக்கு ஆள் பஸ்ஸில் இருக்கிறது என்று அவள்தான் கிளம்பினாள்.

அதற்கென்று கணக்கு வைத்திருந்தாள். சத்தம் போட்டு ஆரம்பித்தால் வம்பு என்று விலகிப்போவார்கள், மெதுவாக ஆரம்பித்தால் காதைத் தீட்டிக்கொண்டு வருவார்கள். முடிவைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. தூங்கி வழிகிறவர்கள் வந்து என்ன ஆகப்போகிறது என்று அவன் கேட்டதற்கு, உள்ளே தூங்கினாலும் சீட்டு நிறைந்ததுதானே என்றாள்.

அன்று வந்தது ஒன்பது பேர். தியேட்டர் மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: நாளைக் காட்சிக்கு நாற்பது பேர் வராவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவேன்.

மறுநாள் அதே பஸ்ஸின் பின்பக்கம் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சாரக்காரன் தொண்டையைச் செருமியபோது, முன்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"போட்டா என்னங்கறேன்? கையில குழந்தையை வச்சுக்கிட்டு அவ யார்கிட்டப் போய் நிப்பா?"

மில் சீருடையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவன் விடவில்லை. நாளைக்கு நான் விழுந்தாலும் இப்படித்தான் எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டான். நீ உயிரோடு வேண்டும் என்றால் எதுவும் எழுதுவேன் என்று அவள் சொல்லும்போது குரல் உடைந்தது. ஒப்பிக்கிற பேச்சே அதில் இல்லை. பஸ் மூச்சடக்கிக் கேட்டது.

சாரக்காரன் வாயைத் திறக்கப்போனான். மனைவி அவன் கையை அழுத்தினாள். "பேசாதீங்க. படம் தானாப் பேச ஆரம்பிச்சிடுச்சு."

"நம்ம படத்துல குழந்தையே இல்லையே."

"நல்லா எடுத்த படம்னா அப்படித்தான். நாம எடுக்காததையும் பார்ப்பாங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷம் அவன் கட்டிய சாரங்கள் எல்லாம் கட்டடம் எழுந்ததும் அவிழ்க்கப்பட்டவை. முதன்முதலாக ஒன்று ஜனங்களிடம் நிற்கிறது.

தியேட்டர் நிறுத்தத்தில் பஸ் பாதிக்கு மேல் காலியானது. மில் தம்பதியும் சண்டையை நிறுத்தாமலே இறங்கினார்கள். அடுத்த பஸ்களிலும் ஆட்கள் வந்து சேர, மேனேஜர் வாசலில் நின்று எண்ணி, நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு உள்ளே போனார். இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று சொல்லி அனுப்பினார்.

சாரக்காரன் வரிசையில் நின்ற மில்காரனிடம் போய்க் கைகூப்பினான். "படம் எடுத்தது நாங்கதாங்க. பார்த்த படத்துக்கே திரும்ப வந்திருக்கீங்க. ரொம்ப நன்றி."

மில்காரன் அவனையும் பக்கத்தில் நின்ற அவன் மனைவியையும் உற்றுப் பார்த்தான்.

"படத்தை எங்கங்க பார்த்தோம்? நேத்து பஸ்ல நீங்க ரெண்டு பேரும் பாதியில விட்டுட்டு இறங்கின சண்டைங்க இது, எங்க வீட்டுல இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."