துவக்கின் குழல்

இரும்பு அலுமாரிக்குள் துவக்கின் மரப்பிடி மட்டும் கிடந்தது. குழலைக் காணவில்லை.

அலுமாரித் திறப்பை மரியரட்ணம் ஒருநாளும் இடுப்பை விட்டுக் கழற்றுகிறவர் இல்லை. அன்றைக்குக் குளியலறையில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அதனால்தான் அவருடைய பெண்சாதி வேரோனிக்காவின் கண்ணில் இது பட்டது.

மரியரட்ணம் வன்னியில் பதினைந்து வயதில் வேட்டைக்குத் துவக்குத் தூக்கிய மனிதர். கனடாவில் அஜின்கோர்ட்டுக்கு வந்தும் விடவில்லை. சோதினை எழுதி, லைசென்ஸ் எடுத்து, நவம்பர் வந்தால் சிநேகிதன் யோசப்போடு வடக்கே மான் வேட்டைக்குப் போய்விடுவார். குண்டுக்குப் பயந்து ஓடிவந்த நாட்டில் துவக்கு என்னத்துக்கு என்று சேர்ச்சிலே ஆரும் கேட்டால், இறைச்சிக்கு என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுவார்.

அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. துவக்கு ஓரிடம், தோட்டா இன்னோரிடம். வெறுந்துவக்கு என்று தெரிந்தாலும் திறந்து கண்ணால் பார்க்கவேண்டும். இன்னொன்றையும் அடிக்கடி சொல்லுவார்: மனம் சரியில்லாத ஆள் இருக்கிற வீட்டில் துவக்கு முழுசாக இருக்கக்கூடாது.

வேரோனிக்காவுக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

செப்டெம்பரில்தான் அந்த ரெலிபோன் வந்தது. வன்னியில் விட்டுவந்த ஒரே மகன் அன்ரன் செல் குண்டு பட்டுச் செத்துப்போனான். அவனைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அன்றிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. வாய்விட்டு அழுதாள், சுவரோடு கதைத்தாள். மரியரட்ணமோ நாலாம் நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபக்டரிக்குப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்லு மனுசன் என்று சனம் சொன்னதை அவளும் மறுக்கவில்லை.

அந்தக் கல்லு மனுசனுக்கு இப்போது பெண்சாதி விசரியாகத் தெரிகிறாளாம்.

பின்னேரம் அவர் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"இஞ்சை, குழல் எங்கை?"

"யோசப்பிட்டைக் குடுத்திட்டன்."

"ஆருக்குப் பயந்து?"

அவர் சப்பாத்தை ஓரமாக வைத்தார். சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார். அதை அவளால் பொறுக்கவே முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுதால் அது பைத்தியமா?

மறுநாள் காலை ஃபிஞ்ச் கிழக்கு பஸ்ஸில் ஏறி, ஃபிஞ்ச் மேற்கு பஸ்ஸுக்கு மாறி, ரெக்ஸ்டேலில் யோசப் வீட்டுக் கதவைத் தட்டினாள். குழலைக் கொண்டுபோய் அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். நான் நல்ல புத்தியோடுதான் இருக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்.

தரமாட்டேன் என்று யோசப் மல்லுக்கட்டுவான் என்றுதான் நினைத்தாள். அவன் உடனே உள்ளே போய், துவாயில் சுற்றியிருந்த குழலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

வேரோனிக்காவுக்குத் திகைப்பாக இருந்தது.

"விசரி வந்து கேட்டால் உடனை தூக்கிக் குடுக்கிறதோ?"

"ஆரக்கா உங்களை விசரி எண்டது?"

"உங்கடை அண்ணைதான். எனக்குப் பயந்துதானே கொண்டுவந்து தந்தவர்."

"அண்ணை தரேக்கை ஒண்டுதான் சொன்னவர். வேரோனிக்கா கேட்டால் குடு, அவள் அழுது தீர்க்கிறவள், துவக்கு எப்ப வீட்டுக்கு வரலாம் எண்டு அவளுக்குத் தெரியும். நான் வந்து கேட்டால் மட்டும், காலிலை விழுந்தாலும் குடுக்காதை எண்டவர்."

"அவர் வந்து கேட்டவரோ?"

"ஓமக்கா. இதைச் சொல்ல நானே இண்டைக்கு உங்களிட்டை வர இருந்தனான்," என்றான் யோசப். "போன கிழமை ஒருக்கா வந்தவர். முந்தநாள் வந்து, உதிலை வாசலிலை மழைக்கை நிண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி அழுது கேட்டவர்."