ஒரு படி மல்லி

சிம்மக்கல் மாவு மில்லில் மெஷின் நின்றுவிட்டது. நாளை மகளின் வளைகாப்புக்கான குழம்புப் பொடி, சிவப்பே ஏறாமல், தகர டின்னில் சூடு விட்டுக்கொண்டிருக்கிறது. கனகலட்சுமி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்புகிறாள். “காரமே இல்ல. மல்லி எம்புட்டு வாங்குனீக?” “நாலு படின்னு சொன்ன. அரிசி படிக்கு ஒன்றரைக் கிலோ. அதான் ஆறு கிலோ” என்கிறார் கணவர் அழகுபாண்டி. மில்காரர் தும்முவதுபோல் சிரிப்பை மறைக்கிறார். பக்கத்துக் கூடையில் கிடக்கும் யாருடைய மல்லியையோ இரும்புப் படியில் அள்ளித் தராசுத் தட்டில் கொட்டுகிறாள் அவள். சிவப்பு எண்கள் அரைக் கிலோவைத் தாண்டவில்லை. “அரிசியும் மல்லியும் ஒண்ணா? வந்த சனம் பூராம் மல்லித்தண்ணியவா ஊத்தித் திங்கும்?” “மிளகா வாங்கிட்டு வாரேன்” என்று அவர் எழுகிறார். பையைப் பிடுங்கிக்கொள்கிறாள். “நான் போறேன். நீங்க தராசுல உங்க தலைய வச்சுப் பாருங்க. ஒரு படி அளவு இருக்கு, எம்புட்டு நிக்குதுன்னு தெரியட்டும்!”