கொசுறு

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு மேசைமேல் கிடக்கும் படத்தில் விழுகிறது. குழந்தையின் ரத்தத்திலிருந்து மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்த குரோமோசோம்களைக் கத்தரித்து, ஜோடி ஜோடியாக ஒட்டியிருக்கிறார்கள். பரவை மார்க்கெட்டில் காய் விற்கும் சீனியம்மாளுக்கு அவை நறுக்கிப் போட்ட கொத்தவரங்காய்த் துண்டுகளாகத் தெரிகின்றன. அவள் மடியில் உட்கார்ந்து, சேலை முந்தியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள் மகள் அன்னக்கொடி. ஐந்து வயதாகியும் இன்னும் பேச்சு வரவில்லை. டாக்டர் பிலோமினாளின் பென்சில் கடைசி வரிசையில் வந்து நிற்கிறது. "ஒவ்வொரு ஜோடியிலயும் அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. மூக்கு, முழி, நெறம் எல்லாம் இது வழியாத்தான் பிள்ளைக்கு வருது. இவளுக்கு இந்த எடத்துல மட்டும் பாருங்க, மூணு இருக்கு. அதான் பேச்சு வரத் தாமசமாகுது." மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. "அப்ப, இவ வயித்துல இருக்கையில கிரகணத்தன்னைக்கு நான் அருவாமனையில காய் அறுத்ததால இல்லையா, டாக்டரம்மா? வீட்டுல எல்லாரும் அதத்தானே சொல்லுறாக." "இல்லம்மா. கரு உண்டாகும்போதே கூட ஒண்ணு சேந்து வந்துருச்சு. யார் மேலயும் தப்பில்ல." சீனியம்மாள் அந்த மூன்றாவது துண்டைத் தொடுகிறாள். தினமும் காயை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு கை கொத்தமல்லி அள்ளி வைக்கிற விரல். அதில் இன்னும் அந்த வாசம். "கொசுறா?" என்கிறாள். சீனியம்மாள் மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிடுகிறாள். கண்ணீர் கன்னத்தில் இறங்க, முகம் மலர்கிறது. "நிறுத்தது போக, மேல கொசுறும் போட்டுல்ல சாமி உன்னைய என் கையில குடுத்துருக்கு, ஆத்தா."