இளையவன் பங்கு

எந்தப் படகைத் தொடுகிறாளோ, அது அவளுக்கு.

கரையில் இரண்டும் நின்றன. புது இன்ஜின் மாட்டிய பைபர் படகு. பக்கத்தில், மாமனார் காலத்துப் பாய்மரப் படகு.

மூத்தவன் பங்கு பிரித்தால் இளையவன் முதலில் எடுக்க வேண்டும். ஊர் வழக்கம் அது. இளையவன் உயிரோடு இல்லை. அதனால் அவன் பெண்டாட்டி வந்து நின்றாள், கைக்குழந்தையோடு.

பிரித்தவர் அவள் கணவனின் அண்ணன் நம்புராசன். தம்பி பெண்டாட்டிக்காக இன்ஜினைக்கூடப் புதிதாக மாற்றியிருக்கிறார், பெரிய மனசு என்று ஊரே மெச்சியது.

பெரிய மனசாம்.

அவருக்கு வேண்டியது பாய்மரப் படகு. திருவிழாப் போட்டியில் வருஷா வருஷம் அவரை முதலாவதாகக் கொண்டுவருவது அதுதான். வயிற்றுப்பாட்டுக்காரி இன்ஜினைத்தான் தொடுவாள் என்று கணக்குப் போட்டுப் பிரித்திருந்தார்.

கணக்கு தப்பில்லை. வீட்டில் அரிசி இல்லை.

போன திருவிழாவில் அவள் கணவன் முனியராஜ் அந்தப் படகின் பக்கப் பலகையில் நின்றான். காற்றுக்குப் படகு சாயாமலிருக்க ஒரு ஆள் அப்படி வெளியே நிற்க வேண்டும்.

வழுக்கி விழுந்தான்.

சுக்கான் நம்புராசன் கையில் இருந்தது. திருப்பினால் முதலிடம் போய்விடும். பின்னால் வருகிறவன் தூக்கிக்கொள்வான் என்றாராம். திருப்புங்க, திருப்புங்க என்று தொண்டை கிழியக் கத்தியவன், அதே படகில் இருந்த அவள் அண்ணன் கோட்டைச்சாமி ஒருவன்தான்.

பின்னால் வந்தவர்கள் தூக்கினார்கள். உடம்பைத்தான் தூக்கினார்கள்.

ஆள் குறைந்தாலும் முதலில் வந்த படகு முதல் படகுதானே. கோப்பையைக் கொடுத்தார்கள். அவரும் வாங்கிக்கொண்டார். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்ஜினத் தொடு தாயி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அவள் நடந்தாள்.

பைபர் படகைத் தாண்டியும் நடந்தாள்.

பாய்மரப் படகில் கை வைத்தாள்.

நம்புராசன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எத்தனை வேளை வேண்டுமானாலும் பட்டினி கிடக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

பட்டினியும் கிடந்தாள். படகைக் கடலில் இறக்கவில்லை. கேட்டு வந்தவர்களுக்கு விற்கவுமில்லை. நம்புராசன் வீட்டு வாசலுக்கு நேரே, அவர் கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற இடத்தில், ஆள் வைத்துக் கவிழ்த்துப் போட்டாள். கரையில் நண்டு பிடித்து விற்றுக் கஞ்சி குடித்தாள்.

திருவிழாவுக்குக் கொடி ஏறியது.

அன்று சாயங்காலமே நம்புராசன் அவள் வாசலில் வந்து நின்றார். தலை நிமிரவில்லை.

"பைபர் படகையும் நீயே வச்சுக்கத்தா. இந்தப் போட்டிக்கு மட்டும் பாய்மரத்தக் குடு."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"தாராளமா எடுத்துக்கங்க மாமா. பைபர் படகெல்லாம் எனக்கு வேணாம். சுக்கான எங்கண்ணன் பிடிக்கும். பலகையில நீங்க நில்லுங்க."

அவர் தலை இப்போதுதான் நிமிர்ந்தது.

"கோட்டைச்சாமிக்குச் சுக்கான் பிடிக்கத் தெரியுமா?"

"போன வருசம் உங்க பக்கத்துல இருந்து பாத்துச்சுல்ல" என்றாள். "அப்படியே பிடிக்கும்."