பனி பத்து அங்குலம்

"மீன் அம்பிடாட்டியும் பரவாயில்ல, தேத்தண்ணிப் பிளாஸ்கைத் துலைச்சிடாதேங்கோ," என்று தவமலர் கணவர் சபாநாதனைச் சீண்டினாள். கனடாவின் உறைந்த ஏரிக்கரையில், உறைவின் கனத்தை அளந்து சொல்லும் இயந்திரக் காவல் குரல் அவரவர் காதுக்குள் அவரவர் தாய்மொழியில் பேசும். அன்று அவரிடம், "பனி பத்து அங்குலம், போகலாம்" என்றது. நம்பி இறங்கியவர் மூழ்கிப்போனார். மேலே ஆளைத் தாங்காத பொலபொல ஸ்னோ எட்டு அங்குலம், அடியில் கெட்டி ஐஸ் இரண்டே அங்குலம்.

"ஸ்னோவும் ஐஸும் தமிழில்லையே அன்ரி. ரெண்டையும் பனியெண்டு போட்டம், குரல் கூட்டிச் சொல்லிட்டுது," என்றான், நியாயம் கேட்டு வந்த தவமலரிடம், அந்தக் குரலின் மொழிபெயர்ப்புப் பிரிவு அலுவலர் இளமாறன்.

தவமலர் மேசையில் ஓங்கி அறைந்தாள். "ஐஸ் எண்டா எங்களுக்கு விளங்காதோடா? ஆரடா உன்னட்ட சுத்தத்தமிழ் கேட்டது? என்ர மனுசன் கேட்டவரோ?"

சபாநாதன் மூழ்கிய அன்று காலை அதே குரல் பக்கத்து வீட்டு வால்டரிடம் ஆங்கிலத்தில், ஐஸ் இரண்டு அங்குலம், இறங்க வேண்டாம் என்றது. அவர் இன்றும் சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகிறார்.