துணைக்கு வந்தவர்

“மாமா, பிரஷர் பார்க்கப் போகணும். தனியா போக பயமா இருக்கு. நீங்களும் வாங்க.”

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தெருவை அடைத்து நிற்கிற நேரத்தில், உஸ்மான் ரோடு ஜவுளிக் கடையில் இருந்த மாமனாருக்கு போன் போட்டு இப்படிச் சொன்னாள் அனுப்ரியா.

“போன மாசமும் இதே கதைதானம்மா!” என்றார் பொன்ராஜ். “சரி சரி, வாரேன். நீ கிளினிக்குக்கு வந்துரு.”

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மாமியார் மீனாட்சிக்குப் பொறுக்கவில்லை.

“கையில பட்டையைச் சுத்திக் காத்தடிக்கிறதுக்கு ஒரு துணையா? கான்வென்ட்ல இங்கிலீஷ் மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்களா, தைரியம் சொல்லிக் குடுக்கலையா?”

அனுப்ரியா செருப்பை மாட்டினாள்.

கிளினிக்கில் கூத்து இன்னும் பெரிசு.

“முதல்ல மாமாவுக்குப் பாருங்க சிஸ்டர். அதைப் பார்த்தாத்தான் எனக்குத் தைரியம் வரும்.”

வரிசையில் இருந்த ஒரு பெண்மணி சிரித்துவிட்டாள். “இன்னாம்மா, கொயந்த பெத்தவ நீ! இதுக்கா பயப்படுற?”

பொன்ராஜ் முழங்கைக்கு மேல் சட்டையை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார். “பார்த்தியாம்மா? வலிக்கவே இல்லல்லா?”

“நூத்தி நாப்பது, தொண்ணூறு. போன தடவையை விடக் குறைஞ்சிருக்கு,” என்றாள் நர்ஸ் நிஷா. “உள்ள டாக்டரைப் பார்த்துட்டு வாங்க சார்.”

அவர் உள்ளே போனதுதான் தாமதம், அனுப்ரியா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“உங்களுக்குப் பார்க்க வேண்டாமா மேடம்?”

“ஐயோ, நான் சும்மா ஒரு சாக்கு சிஸ்டர். ‘எனக்கு பி.பி.யே கிடையாது’ம்பார் மாமா. பி.பி.யே இல்லாட்டி மனுஷன் எப்படி உயிரோட இருப்பார்? கூப்பிட்டா வர மாட்டார். எனக்குப் பயம்னு சொன்னா மட்டும் ஓடி வருவார். கேட்டார்னா எனக்கு நார்மல்னு சொல்லிடுங்க. போன மாசமும் அவர்கிட்ட அப்படித்தான் சொன்னேன்.”

“பிரசவத்துல உங்களுக்கு பி.பி. நல்லா ஏறியிருந்ததே? மாசாமாசம் பார்க்கச் சொன்னாரே டாக்டர்?”

அனுப்ரியாவின் சிரிப்பு நின்றது.

“இப்பவும் அப்படியே இருந்துச்சுன்னா? குழந்தைக்கு நாலு மாசம்தான் ஆகுது சிஸ்டர். எனக்கு ஏதாவதுன்னா... வேண்டாம். தெரியாமலே இருக்கட்டும்.”

நிஷா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றினாள்.

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க மாமா போன் பண்ணிட்டாரு மேடம். ‘போன மாசம் அந்தப் பிள்ள பார்க்காமலே நார்மல்னு சொல்லிட்டு நழுவிருச்சு. அவளை அங்க வரவைக்கத்தான் நானே கையை நீட்டுதேன், இந்தத் தடவை விட்டுராதீங்க’ன்னு!”